வெளியே தள்ளப்பட்டவர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்து இருக்கையில் இருந்தார். ரசாயன ஆலையில் வேலை என்றார். கைகளில் தோல் வெந்து சுருங்கியிருந்தது. பாட்டில் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

தொழிற்சாலைப் பாதுகாப்பில் முதுகலை படிக்க, கட்டணம் கட்டுப்படியாகிற இடமாகத் தேடித் தேடிக் கடைசியில் சிதம்பரம் போகிறேன் என்றேன்.

"எம் பையனும் அதான் படிச்சான். எங்க கம்பெனியிலயே சேந்தான். வால்வு சரியில்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தான், யாரும் கேக்கல. அது வெடிச்சப்ப மத்தவங்கள வெளிய தள்ளிட்டு, அவன் உள்ளயே மாட்டிக்கிட்டான்."

"அப்ப நான் அத படிக்க வேணாமாங்க?"

"படிம்மா. அவன் வெளிய தள்ளுனவங்கள்ல நானும் ஒருத்தன்."

அந்தப் படிப்பில்தான் சேர்ந்தேன். அன்று பஸ்ஸில் அவர் குரலில் இருந்தது பெருமையா, உயிரோடு இருப்பதன் வெட்கமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.