பன்னிரண்டாவது படம்

டிராயிங் பீரியட் என்றால் அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பாடம் முடியவில்லை என்று கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வாள். ஆண்டு விழாவுக்குப் பந்தல் கட்டப் பெண்கள் வேண்டும் என்று விளையாட்டு டீச்சர் எடுத்துக்கொள்வாள். "உனக்கு இன்னா தேவகி, பரீட்சையா பாழாப் போவுது?" என்று கேட்பார்கள். தேவகியும் சிரித்துவிட்டு, கலர் சாக்பீஸ் டப்பாவோடு வகுப்பை விட்டு வெளியே வந்துவிடுவாள்.

மாகறலில் ஏரோட்டிய குடும்பம் அவளுடையது. அந்த வம்சத்தில் ஆண் பெண் யாரும் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டியதில்லை, இவள் தாண்டினாள். சென்னைக்குத் தனியாக ரயிலேறிப் போய் டிராயிங் ஹையர் பரீட்சையும் எழுதி, இருபத்திரண்டு வயதில் சர்க்கார் சம்பளம் வாங்கினாள். அப்போது ஊரே பெருமைப்பட்டது. பெண் கேட்டு வந்தவர்கள் மட்டும் வேறு கணக்குப் போட்டார்கள். வேலையை விட வேண்டும் என்றார்கள் சிலர். சம்பளத்தை மாமியார் கையில் தர வேண்டும் என்றார்கள் சிலர். அப்பா ஒவ்வொருவரையும் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். பிறகு அப்பாவும் போய்விட்டார், வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். இந்தக் கதை நடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் தேவகிக்கு முப்பத்தொன்பது வயது. செவிலிமேட்டில் புது வீடு ஒன்றின் முன் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தாள். அண்ணன் பரசுராமன் அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டை அரிசியைக் கொண்டுவந்து இறக்குவார். "உக்காருண்ணா" என்றால், "பஸ்ஸுக்கு நேரமாவுது" என்பார். வருஷத்தில் அவள் வாசற்படி ஏறும் ஆள் அவர் ஒருவர்தான்.

அந்த வருஷம் அவள் மூர் மார்க்கெட்டில் பழைய பெட்டிக் கேமரா ஒன்றை வாங்கிவந்தாள். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். பத்தாம் வகுப்பில் படம் வரையும் பெண்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டி உட்கார வைத்தாள்.

"ஆளுக்கு ஒரு நாள் கேமரா, ஆளுக்கு ஒரு படம். வீட்டுல தினம் கண்ணு முன்னாடி இருந்தும் நீங்க சரியாப் பாக்காத ஒருத்தரை எடுக்கணும். நிக்க வச்சு எடுக்கக் கூடாது. அவங்க வேலையில இருக்கச்சொல்ல எடுக்கணும்."

"டீச்சர், எங்க மாமா வேலையே செய்ய மாட்டாரு டீச்சர்" என்றது ஒன்று.

"தூங்குவாரா? தூங்கறதை எடு."

ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் சேராமல் கேமராவின் கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள் காந்தா. பிள்ளையார்பாளையத்துப் பெண்; அம்மா தறியில் உட்காருகிறவள். மற்ற டீச்சர்கள் பீரியடைப் பறித்துக்கொண்ட நாட்களில்கூட, மணியடித்த பிறகு வரைபடத் தாளோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பாள். "இந்த மூக்கு ஏன் டீச்சர் ஒட்ட வச்சா மாதிரி இருக்குது?" என்பாள். பதினேழு வருஷ வேலையில் அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளோடு மூக்கைப் பற்றிப் பேசிய நாட்களில் செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் ஏறும்போது தேவகிக்கு உடம்பே லேசாக இருக்கும்.

கேமரா பன்னிரண்டு வீடு சுற்றித் திரும்பி வந்தது. கடைசியாகக் கொண்டுவந்தவள் காந்தா. சுருளை ஷரீஃப் பாயின் ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தாள் தேவகி. நான்காம் நாள் போனபோது பாய் மேஜை மேல் படங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.

"இன்னா டீச்சர், நிக்க வைக்காதீங்கன்னு சொன்னீங்களாமே? பாருங்க, அத்தனை பேரும் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கறா மாதிரி நிக்கறாங்க."

உண்மைதான். படம் பிடிப்பது என்றால் அந்த வீடுகளுக்குத் தெரிந்தது ஸ்டுடியோ ஒன்றுதான். அப்பாக்கள் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு நின்றார்கள். தூங்குகிற மாமா பக்கத்து வீட்டு ரேடியோவைக் கடன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவகிக்குச் சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது.

"இதைப் பாருங்க" என்று பாய் பன்னிரண்டாவதைத் தனியாக எடுத்துத் தந்தார். அதை மட்டும் முழுத்தாள் அளவுக்குப் பெரிதாகப் போட்டிருந்தார்.

சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். பக்கவாட்டில் வெயில். ஒரு பெண் பட்டுப்புடவையை உடுத்தி, முகத்தைத் தாழ்த்தித் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி தெரியவில்லை, கன்னமும் காதும்தான் தெரிந்தன. அவள் கட்டைவிரல் கரையை அழுத்தித் தடவிக்கொண்டிருந்தது. பட்டு கட்டியவள் யாரும் கரையை அப்படித் தடவமாட்டாள். இழை ஏதாவது விட்டிருக்கிறதா என்று தேடுகிற விரல் அது.

"இருவது வருஷமா மூஞ்சி எடுக்கறேன் டீச்சர்" என்றார் பாய். "ஒரு கை கூட இப்படி எனக்கு உழுந்ததில்ல. பெருசு போட்டதுக்குக் காசு வேணாம்."

அம்மாவின் கல்யாணப் புடவை போலிருக்கிறது என்று தேவகி நினைத்துக்கொண்டாள். அந்த ஊரில் பிறந்தவளாக இருந்தால் அப்படி நினைத்திருக்கமாட்டாள்.

மறுநாள் காந்தாவைப் பார்த்ததும் அவளால் அடக்க முடியவில்லை. "உன்னுது நல்லா வந்திருக்குதுடி. சனிக்கிழமை நம்ம பள்ளிக்கூடத்துல கண்காட்சி வச்சு எல்லாத்தையும் மாட்டறேன், பாரு" என்றாள். காந்தாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, அதை ஒரு படம் எடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை மாலை, விளக்கு வைக்கும் நேரம். செவிலிமேட்டு அறையின் கதவை யாரோ தட்டினார்கள். அண்ணன் வரும் மாதம் இல்லையே என்று யோசித்தபடி தேவகி திறந்தாள். வெளுத்த நூல் புடவையில், நெற்றியில் ஒன்றுமில்லாமல், ஒரு பெண் நின்றிருந்தாள்.

"நீங்கதான் படம் போடற டீச்சரா?"

"ஆமா. நீங்க?"

"காந்தாவோட அம்மா. லோகாம்பாள்."

தேவகி அந்த நெற்றியைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. "உள்ள வாங்கம்மா, உக்காருங்க."

லோகாம்பாள் உட்காரவில்லை. "நாளைக்குக் கண்காட்சிக்கு எங்க முதலாளியைக் கூப்ட்டிருக்கீங்களாம். காந்தா நோட்டீசு கொண்டாந்தா. டீச்சரம்மா, அந்தப் படத்தை மாட்டாதீங்க. உங்க காலுல உழறேன்."

முதலாளி என்றால் பட்டு ஜவுளிக்கடை கலியாணசுந்தரம். பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்தவர் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அவரைத்தான் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தாள்.

"ஏம்மா? படம் ரொம்ப நல்லா இருக்குது."

"அது முகூர்த்தப் புடவைம்மா. வந்தவாசிப் பக்கம் ஒரு பெரிய எடத்துக் கல்யாணத்துக்கு முதலாளி நெய்யச் சொன்னது. தறியிலேருந்து அறுத்து, மடிக்கறதுக்கு முன்ன கையில வச்சுக்கினு இருந்தேன். இந்தப் பொண்ணு கேமராவைத் தூக்கிக்கினு, 'ஒரே ஒரு தடவை சுத்திக்கோம்மா, யாரு பாக்கப் போறா'ன்னா. நெய்யறோமே தவிர நாங்க எங்கம்மா கட்டறோம்? எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. சுத்திக்கினேன்." மூச்சு வாங்கினாள். "எங்க வீட்டுக்காரர் போயி ஏழு வருஷம் ஆவுது. அறுத்தவ கட்டின புடவையை நாளானிக்கி ஒரு பொண்ணு கட்டிக்கினு மணையில உக்காரப் போவுது. தெரிஞ்சா தறியை மட்டுமா புடுங்குவாங்க? தெருவுலயே இருக்க உட மாட்டாங்க."

அந்த வெறும் நெற்றி தேவகிக்கு இப்போதுதான் விளங்கியது. "கறுப்பு வெள்ளைதாம்மா. முகமும் சரியாத் தெரியல."

"மூஞ்சி எதுக்கும்மா? கரையைப் பாத்தாப் போதும். அந்த ரெட்டைத்தலைப் பட்சி முதலாளி தானே உக்காந்து போடச் சொன்னது. ஊருல வேற தறியில இல்ல."

"போட்டோன்னா வீட்டுக்குத் திரும்ப வந்துடும்னு நெனச்சீங்களா?"

"பின்ன? ஸ்டுடியோவுல எடுத்தா நம்மகிட்டதானே தருவாங்க. நாலு பேருக்கு மாட்டி வைப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

கேமராவைக் கொடுத்தபோதே அதை அந்தப் பெண்களிடம் சொல்ல வேண்டும் என்று தேவகிக்குத்தான் தோன்றவில்லை.

"மாட்டலம்மா. காந்தாகிட்ட நான் எடுத்துச் சொல்றேன்."

"ஐயோ, வேணாம்!" லோகாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா வந்திருக்குதுன்னு நீங்க சொன்னதுலேருந்து அவ தரையில நிக்கல. ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சா அவ வாய் சும்மா இருக்காது. அவ கூடப் படிக்கற பாதிப் பொண்ணுங்க எங்க தெருவு. படம் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. எனக்காக."

தேவகி தன் கையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். கடைசியில், "சரிம்மா" என்றாள்.

சனிக்கிழமை நீளமான வகுப்பறையில் பதினோரு படங்கள் மாட்டியிருந்தன. காந்தா ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்றும் வந்தாள். பிறகு தேவகியின் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், என்னுது?"

"ஆடிப்போச்சு காந்தா. கலங்கலா இருக்குது."

"நல்லா வந்துச்சுன்னீங்களே டீச்சர்?"

"வேற ஒருத்தியோடதைப் பாத்துட்டுச் சொல்லிட்டேன்."

"ஆடல டீச்சர். மூச்சை அடக்கிக்கினுதான் அமுக்கினேன். காட்டுங்க, நான் பாக்கறேன்."

"ஆடிப்போச்சுன்னு சொல்றேன் இல்ல? போய் வரிசையில நில்லு."

தன் குரலே தேவகிக்கு அந்நியமாக இருந்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "ஏன்டி, தறிப் பலகையில உக்காந்துக்கினு எடுத்தியா, அந்த ஆட்டம் ஆடிடுச்சு?" என்றாள். பத்துப் பேர் கொல்லென்று சிரித்தார்கள். காந்தா சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. டீச்சரையே பார்த்தாள். பொய் சொல்கிறவரைக் கண்டுபிடித்துவிட்ட பார்வை அது. ஏன் பொய் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கலியாணசுந்தரம் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பதினோரு படங்களையும் பார்த்தார். "பேஷ், எல்லாரும் எப்படி நேரா நிக்கறாங்க!" என்றார். ரேடியோ மாமாவை எடுத்தவளுக்குத் தன் கையால் ஃபவுண்டன் பேனா பரிசு கொடுத்தார். வந்தவாசிக் கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது.

அதன் பிறகு மணியடித்தால் ஸ்டாஃப் ரூம் வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை. காந்தா டிராயிங் வகுப்பில் பின்வரிசைக்குப் போனாள். கொடுத்ததை வரைந்தாள், குறை கேட்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறி டைப்ரைட்டிங் கற்கப் போனாள். ராஜ வீதியில் எதிரே வந்தால் சைக்கிள் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு கடந்துவிடுவாள்.

வந்தவள் லோகாம்பாள்தான். அமாவாசையன்று தறி ஓட்டமாட்டார்கள். கண்காட்சி முடிந்து வந்த முதல் அமாவாசை சாயங்காலம் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்து நின்றாள். நன்றி சொன்னாள். தயங்கினாள். "அந்தப் படம் இருக்குதா டீச்சரம்மா? நான் பாக்கவே இல்லியே."

தேவகி டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். லோகாம்பாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தன்னைப் பார்க்க அவளுக்கு நேரம் பிடித்தது. முதலில் கரையைத்தான் பார்த்தாள். "இங்க ஒரு இழை உட்டிருக்குது பாருங்க" என்றாள். அப்புறம்தான் கழுத்து, காது, கன்னம்.

"நீங்களே எடுத்துக்கினு போங்கம்மா."

"எங்க வைக்கறது? முதலாளி ஆளு வாரா வாரம் வர்றான். இருக்கறதே ஒரு ரூமு. இங்கயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்."

சொன்னபடி வந்தாள். ஒவ்வொரு அமாவாசையும் வந்தாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காருவாள். தேவகி காப்பி போடுவாள். காந்தா என்ன செய்கிறாள், இப்போது எவ்வளவு வேகமாக டைப் அடிக்கிறாள் என்று விசாரிப்பாள். லோகாம்பாள் சொல்வாள். சில நாள் இரண்டு பேருமே பேசுவதில்லை. அமாவாசைக்கு முதல் நாளே தேவகி அறையைப் பெருக்கி, புதுக் காப்பித்தூள் வாங்கிவைப்பாள். வருகிறவள் தன்னைப் பார்க்க வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பெருக்கினாள்.

மூன்றாம் வருஷம் ஆடி அமாவாசை. லோகாம்பாள் வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தாள். படத்தை இன்னும் கையில் வாங்கவில்லை.

"டீச்சரம்மா, ஒரு சங்கதி. முதலாளி கடையைத் தம்பி மவன்கிட்ட உட்டுட்டு திருப்பதிப் பக்கம் போயிட்டாரு. அந்தப் பட்சிக் கரையை இப்ப ஊருல அம்பது தறியில போடறாங்க. அந்தப் பொண்ணு, அதான் வந்தவாசிப் பொண்ணு, ரெண்டு புள்ள பெத்து நல்லா இருக்குதாம். இனிமே எனக்குப் பயமில்ல." குனிந்து தேவகியின் முகத்தைப் பார்த்தாள். "காந்தாகிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா? உங்க பேரை எடுத்தாலே எழுந்து போயிடறா. எனக்கு மனசு அறுத்துக்கினே இருக்குது. படத்தை எடுத்துக்கினு போயி, வீட்டுல சுவத்துல மாட்டிடறேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் தேவகி மூன்று வருஷமாகக் காத்திருந்தாள். காந்தாவுக்குத் தெரிந்தால் ஓடிவருவாள். வாசலில் நின்று அழுவாள். ஒருவேளை ஒரு மூக்கைப் பற்றியாவது கேட்பாள். அது ஒரு நாள். அதற்கப்புறம் அவளுக்கு வேலை, கல்யாணம் என்று எத்தனையோ இருக்கும். படம் பிள்ளையார்பாளையத்தில் சுவரில் தொங்கும். அதைப் பார்க்க லோகாம்பாள் செவிலிமேட்டுக்கு எதற்குப் பஸ் ஏற வேண்டும்?

அடுப்பில் பால் பொங்கியது. தேவகி போய் இறக்கி வைத்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா. இப்ப இன்னா அவசரம்?"

லோகாம்பாள் அவள் முதுகைப் பார்த்தாள். பிறகு, "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்" என்றாள். படத்தை வாங்கிப் பார்த்தாள். காப்பியைக் குடித்தாள். வழக்கம்போல் இருட்டுவதற்கு முன் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

தேவகி படத்தைப் பழைய சேலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தாள். அடுத்த கறுப்பு வட்டம் எங்கே என்று விரலால் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். இருபத்தொன்பது தாளுக்கு அடியில் அது இருந்தது.