பெலிசியன் பெண் கேட்ட மெட்டு

எங்கள் தீவில், பாராமின் மலையில் வெங்காயத்தாள் பயிரிடுகிறவன் பெலிசியன். நாற்பது வருஷமாக, கிறிஸ்துமஸ் வந்தால் வீடு வீடாகப் போய் ஸ்பானிஷ் பாட்டுப் பாடுகிறவனும் அவன்தான். கூட நின்று கிலுகிலுப்பை ஆட்டுகிறவன் நான். பாடுகிற எங்களுக்கும் அர்த்தம் தெரியாது, கேட்கிற ஊருக்கும் தெரியாது. அதனால் யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

வெனிசுவேலாக்காரி யமிலெத் எங்கள் பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பெலிசியனுக்குப் பட்டது. அவளிடம் மனதில் இருப்பதை அவள் பாஷையிலேயே சொல்ல வேண்டுமாம். நாள் முழுக்க அவள் எங்கள் இங்கிலீஷில்தான் ரொட்டி விற்றாள். காதலில் விழுந்தவன் காதில் அதெல்லாம் ஏறுமா? ஐம்பத்தெட்டு வயதில் மாதா கோயில் கூடத்து ஸ்பானிஷ் வகுப்பில் போய் உட்கார்ந்தான். பாடச் சொன்னால் கொட்டுவான், பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

டீச்சர் மிஸ் ஓட்லி வழி சொன்னார். “சொல்ல வேண்டியதை நல்லாப் பழகின மெட்டுல போட்டு நூறு தடவை பாடு. அப்புறம் மெட்டை விட்டுடு, பேச்சு தானா வரும்.”

அவன் பிடித்தது, சாப்பிட்டு முடித்து வீட்டாரிடம் விடைபெறும்போது பாடுகிற மெட்டு.

“பொண்ணு கேக்கறதைப் போயி கெளம்புற பாட்டுலயா போடுவே?” என்றேன்.

“மெட்டுக்கு என்னடா தெரியும்? எனக்கு நல்லா வர்றது அதுதான்.”

அதற்குள் யமிலெத்தின் அண்ணன் அவளை ஊருக்கே திரும்பி வரச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை படகு. சனிக்கிழமை சாயங்காலம் பெலிசியன் என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். பேச வாயைத் திறந்தான், வரவில்லை. மெட்டைப் பிடித்தான். நாக்கு நாற்பது வருஷப் பழக்கத்தில் பழைய வரிகளுக்கே ஓடிவிட்டது. விடைபெறும் பாட்டு முழுவதையும் பிசிறில்லாமல் பாடி, தொப்பியைக் கழற்றிக் கும்பிடும் போட்டான். எனக்கு மானம் போயிற்று.

யமிலெத் இங்கிலீஷில் கேட்டாள். “நாளைக்குப் போறது நான். நீங்க எதுக்கு விடை கேக்கறீங்க?”

“போகாதே” என்றான், இங்கிலீஷில்தான்.

அவள் கதவை அகலத் திறந்தாள். “இந்த ஒரு வார்த்தைக்கா இத்தனை நாளு? எங்க ஊர்லயும் சாப்பிடாம யாரும் அந்தப் பாட்டைப் பாட மாட்டாங்க. உள்ள வாங்க.”

மூட்டை முடிச்செல்லாம் கட்டி முடித்திருந்தாள். பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, அடியில் கைவிட்டுத் தட்டுகளை வெளியே எடுத்தாள். இரண்டே தட்டு. நான் கிலுகிலுப்பையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.