செதில் உதிர்ந்த புழு

அம்பூரியில் ரப்பர் வெட்டும் குடும்பத்தில் பிறந்த டெல்னாவுக்குச் சின்ன வயதிலிருந்தே புழு என்றால் குலை நடுங்கும். காலில் அட்டை ஏறினால் அக்கம்பக்கம் கூடும்படி அலறுவாள். அவள் விலங்கியல் படித்து, பாறசாலை பக்கம் ஒரு கல்லூரியில் ஆழ்கடல் செதில்புழுக்களை இனம் பிரிக்கும் ஆராய்ச்சிக்கு விலாசினி டீச்சரிடம் சேர்ந்ததை அவள் அம்மா ஷீஜாவால் நம்பவே முடியவில்லை.

பயம் போய்விடவில்லை. முதல் புழுவை நுண்ணோக்கியில் பார்த்த அன்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். கண்ணே இல்லாத தலை. வாய்க்குள்ளிருந்து தொண்டை வெளியே பிதுங்கி, அதன் நுனியில் கொக்கிபோல நான்கு தாடைகள். முதுகில் இரண்டு வரிசையாக ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள். வியர்த்துக்கொண்டே மறுபடி குனிந்து பார்த்தாள். அப்படித்தான் அந்த வேலை அவளைப் பிடித்துக்கொண்டது.

போன வருஷம் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று அரபிக்கடலின் ஆழத்திலிருந்து இதுவரை யாரும் பார்த்திராத ஒரு புழுவைக் கொண்டுவந்தது. இருந்தது அது ஒன்றுதான். திருவனந்தபுரத்தில் அந்தப் புழு இருந்த குப்பியை வாங்கி, மடியில் அணைத்துக்கொண்டு டெல்னா பஸ் ஏறினாள். உதியன்குளங்கரையில் குறுக்கே வந்த ஆட்டோவுக்காக டிரைவர் பிரேக்கை மிதித்தார். குப்பி முன்சீட்டுக் கம்பியில் மோதியது. உடையவில்லை. தூக்கிப் பார்த்தாள். புழு கெடாமலிருக்க ஊற்றியிருந்த சாராயத்தில் செதில்கள் தனித்தனியே மிதந்துகொண்டிருந்தன.

பஸ் மறுபடி நகர்வதற்குள் கூட வேலை செய்யும் ஜெஸ்னாவைப் போனில் கூப்பிட்டாள்.

“எல்லாம் உதிர்ந்து போச்சு ஜெஸ்னா. முதுகில ஒண்ணுகூட இல்ல. இனி டீச்சர் முகத்துல எப்படி முழிப்பேன்?”

“அழாத மக்கா. குப்பியத் திறக்காண்டாம். நேரே இஞ்ச வா.”

ஆய்வகத்தில் குப்பியைப் பார்த்ததும் விலாசினி டீச்சர் வெளிறிப்போனார். கையிலிருந்த இடுக்கியைக் கண்ணாடித் தட்டில் வைத்துவிட்டார்.

“செதில வச்சுத்தானே இனம் சொல்லணும். இத இனி தொடாண்டாம் டெல்னா. திருப்பி அனுப்பீரலாம்.”

டெல்னாவுக்கும் ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனாலும் அந்த இடுக்கியால் புழுவை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு, புழுவின் உடலில் வளையம் வளையமாக இருந்த கண்டங்களின் ஓரத்தில் சின்னச் சின்ன மொட்டுகள் தெரிந்தன. செதில் ஒட்டியிருந்த காம்புகள். செதில் இல்லாத கண்டங்களில் அந்த இடத்தில் நூல்போன்ற உணர்கொம்பு.

“டீச்சரே, செதிலுதான் போச்சு. அது இருந்த இடம் அப்பிடியே உண்டு!”

எந்தக் கண்டத்தில் மொட்டு, எதில் உணர்கொம்பு என்று பார்த்தே அது எந்தப் புழுக் குடும்பம் என்று தெரிந்துவிட்டது. உடலோரத்து முட்களையும் தாடைகளையும் பார்த்துப் பேரினமும் உறுதியானது. அதற்குமேல் போக முடியவில்லை. மிதந்த செதில்களில் பல கிழிந்திருந்தன. எது எந்த இடத்தது என்று சொல்ல வழியில்லை.

நடந்ததைக் கப்பல்காரர்களுக்கு அன்றே சொன்னார்கள். பதில் வரும்வரை டெல்னாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் திட்டவில்லை. ஆழத்திலிருந்து ஏறும்போதே செதில் தளர்ந்துவிடும் என்றார்கள். ஆனால் புது இனம் என்று அறிவிக்க இன்னொரு புழு கிடைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று இதுவரை கிடைக்கவில்லை. அடுத்த கப்பல் கரைக்கு வரும் செய்தி கேட்டாலே டெல்னாவுக்கு அந்த பஸ்ஸும் பிரேக்கும் நினைவுக்கு வரும். அந்தப் புழு கிடைத்திருக்கிறதா என்று போய்ப் பார்த்து எடுத்துவருவது யார் என்று டீச்சர் கேட்பார்.

“நான் போயிட்டு வாறேன்” என்பாள் அவள், உள்ளங்கை வியர்க்க.