மழைத் தொரை

பழைய பல் துலக்கும் தூரிகையால் மழைமானிப் புனலின் வலையைத் தேய்த்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்க்கிறார் சுமன். பிறகு ஊதுகிறார். மறுபடியும் பார்க்கிறார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கீழே பாதையில் நின்று, "மழைத் தொரை இன்னைக்கும் மெசினுக்குப் பல்லு வெளக்குறாரு" என்கிறார்கள். அவர் திரும்பாமலே, "அது வாயத் தெறந்து பேசணும்ல" என்கிறார்.

மலையகத்தில், பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். வயது நாற்பதை நெருங்குகிறது. தோட்டத்துக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் இடையே முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். கைபேசியைப் பொலித்தீன் பையில் போட்டு, இறப்பர் வளையத்தால் கட்டி, கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். மழை வருமா என்று பயணி கேட்டால் வானத்தைப் பார்க்க மாட்டார், பையைத்தான் பார்ப்பார். அவரைக் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. சொன்னதையே திரும்பச் சொல்வார். வழி தெரிந்த இடத்திலும் நிறுத்தி வழி கேட்பார்.

கருவி எளியது. கம்பத்தின் உச்சியில் புனல், அதற்குள் ஒரு சிறு கரண்டி. கரண்டி நிறைந்ததும் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும். ஒவ்வொரு சாய்வும் கணக்கில் ஏறி, சிம் வழியாகக் கைபேசிக்கு வரும். இதற்குச் சுமன் வைத்திருக்கும் சொல் 'தட்டு'. மேட்டிலிருந்த மரங்களை வெட்டிய பிறகு சரிவு மண் இளகிப் பொருமிப்போயிருந்தது. அதன் அடியில்தான் தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ்லயம். தட்டு குறித்த அளவைத் தாண்டினால் கீழ்லயத்தார் பாடசாலைக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சரிவில் இனித் தேயிலை வைப்பதில்லை, புல்லும் மரமுமே வளரட்டும் என்றும் முடிவானது. கருவியைப் பொருத்த வந்தவர்கள், தொடுதிரைக் கைபேசி வைத்திருந்த ஆள் என்பதால் சுமனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

திறந்த வெளி வேண்டும் என்று கம்பத்தை நட்ட இடம், முனியாண்டி கல்லுக்குப் பக்கம். வெள்ளிக்கிழமைகளில் கல்லுக்குப் பூ வைக்கும் மூக்காயி, பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கி நிற்கும் கம்பத்தையும் விட்டுவைக்கவில்லை. நம்மைக் காக்கத்தானே அதுவும் நிற்கிறது என்பது அவள் கணக்கு. அதில் பிழை காண்பது கடினம். முதலில் குங்குமம் வைத்தாள். சுமன் பார்த்தார், பையன்கள் கல்லெறியாமல் இருப்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டார். பிறகு ஒரு கொம்பால் எட்டி, செம்பரத்தைப் பூக்களை உச்சியில் வைக்கத் தொடங்கினாள். அதை அவர் பார்க்கவில்லை. அந்த நாட்களில் அவர் மேலே ஏறிப் பார்ப்பதே இல்லை.

போன ஐப்பசியில் விடாத மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே வாகன நெரிசலில் நின்றபடி சுமன் பையைப் பார்த்தார். ஒரு தட்டும் இல்லை. கீழ்லயத்திலிருந்து கணபதி அழைத்துக் கேட்டபோது, "ஒண்ணுமில்ல மாமா, இருங்க" என்றார். கருவி தனக்குள் விழுந்ததைத்தான் சொன்னது. பூக்கள் அழுகிப் புனலை அடைத்திருந்தன. அன்று மாலை சரிவு இறங்கி, கணபதி வீட்டு அடுப்படியை எடுத்துக்கொண்டு போனது. அடுப்படியில் அந்நேரம் ஆள் இல்லை.

கணபதி மூக்காயியின் கணவர். புனலிலிருந்து எதை எடுத்தேன் என்று சுமன் அவரிடம் சொல்லவில்லை. மெசினைப் பார்க்காமல் விட்டது என் பிழை என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு கணபதி அவருடைய வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸுக்கு நடந்தே போனார். மூக்காயி பூவைக் கல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

வைகாசி மழையில் ஒரு பிற்பகல் தட்டு அளவைத் தாண்டியது. சுமன் வாசல் வாசலாகப் போனார். முணுமுணுத்துக்கொண்டே லயம் கிளம்பியது. கணபதி மட்டும் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு ஒண்ணுமில்லன்னு சொன்ன அதே போனுதானே மாப்ள. இன்னைக்கு அதுக்குப் புத்தி வந்திருச்சா?"

"அதுக்கு வரல மாமா. எனக்கு வந்திருக்கு."

"அப்ப நீ போ. அடுப்படியே போயிருச்சு. இனி என்னத்தக் கொண்டுபோகப் போகுது?"

சரிவிலிருந்து சேற்று நீர் வாசல்வரை வந்துகொண்டிருந்தது. சுமன் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். முன்னறையின் மூலையில்தான் இப்போது சமையல். அங்கே மூக்காயி காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி ஏற்கெனவே கீழே வைத்திருந்தாள். சுமன் சிலிண்டரைத் தோளில் ஏற்றி வந்து வண்டியில் வைத்தார். மூக்காயி ஏறி அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தாள்.

"டேய், அது நேத்து எடுத்த சிலிண்டர்டா" என்று கணபதி எழுந்தார்.

வண்டி பாடசாலைப் பக்கம் நகர்ந்தது. கணபதி குடையை விரித்து, சுமனின் மூன்று தலைமுறையையும் ஏசியபடி பின்னால் நடந்தார். முதல் கியரைச் சுமன் மாற்றவேயில்லை. வளைவில் கணபதியின் செருப்பு சேற்றில் சிக்கியது. சுமன் வண்டியை நிறுத்தி, செருப்பு வெளியே வரும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி, நடக்கிற ஆளின் வேகத்தில்.