திங்கட்கிழமைத் தட்டுகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. பிறக்காத எலிக்குட்டிகளின் மூளையை எடுத்து, செல்களைப் பிரித்து, தட்டுகளில் இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றி வளர்ப்பேன். அவை எப்படிப் பெருகுகின்றன என்று பேராசிரியர் பார்ப்பார். வீடு இருந்த மார்சிலிங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். புரொபேஷன் முடிய ஒரு மாதம் இருந்தது. செல்கள் பிழைத்தால்தான் வேலை நிரந்தரம்.

பாழாய்ப்போன செல்கள் பிழைக்கவில்லை. வியாழக்கிழமை போட்ட தட்டுகள் தெளிவாக இருக்கும். திங்கட்கிழமை போட்டவை மட்டும் புதனுக்குள் கலங்கிவிடும். மூன்று வாரமாக இதே கதை.

தட்டுகளை வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டி இன்குபேட்டர். செவ்வாய்தோறும் அதைத் திறந்து, உள்ளே ஈரம் காக்கும் தொட்டியில் தண்ணீர் ஊற்றுபவர் என்னோடு வேலை பார்த்த அக்கா. யாழ்ப்பாணக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் வேலை தனக்கே கிடைக்கும் என்று நம்பியிருந்தவர். போதாதா எனக்கு? அவர் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டால்கூட, நான் எழுந்து போனதும் எதில் கைவைக்கப் போகிறாரோ என்று இடத்தைவிட்டு அசையமாட்டேன்.

நாலாவது வாரம் செவ்வாயன்று தண்ணீரை நானே ஊற்றிவிட்டு, ஒரு தலைமுடியை எச்சில் தொட்டு இன்குபேட்டரின் கதவிடுக்கில் ஒட்டிவைத்தேன். புதன் காலை முடி அப்படியே இருந்தது. உள்ளே தட்டுகள் கலங்கியிருந்தன. புத்தியுள்ளவள் அங்கேயே யோசித்திருப்பாள். நானோ, கைகாரி அக்கா முடியைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். நேரே பேராசிரியர் அறைக்குப் போய், அக்கா வேண்டுமென்றே கெடுக்கிறார் என்று சொல்லிவிட்டேன். விசாரிப்பதாகச் சொன்னார்.

திரும்பி வந்தால், அக்கா என் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் தட்ட ஏன்க்கா தொடுறீங்க? வைங்கலா!"

"கோவிக்காதையும். இஞ்ச வந்து பாரும்."

பார்த்தேன். சின்னச் சின்ன உருண்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி உருண்டை முளைத்திருந்தது.

"இது ஈஸ்ட். புளிச்ச மாவில இருக்கிறது. திங்கட்கிழமை உமக்கு எப்பவும் தோசைதானே? காலமை மாவைக் கையால கலக்கிப்போட்டோ வாறனீர்?"

ஆமாம், கையால்தான். அப்போதெல்லாம் நாங்கள் கையுறை போடுவதில்லை, சோப்பும் ஸ்பிரிட்டும்தான். நகக்கண்ணில் ஒட்டியிருந்ததை நான் எங்கே பார்த்தேன்?

"இனிக் கரண்டியால கலக்கும். நான் பேராசிரியரிட்ட வாயே திறக்கேல்லை. வேலை நிரந்தரமாகிற நேரம், உமக்குக் கெட்ட பேர் வேண்டாம்."

வெட்கத்தில் காது சுட்டது. சொல்லிவிட வேண்டும் என்று, "அக்கா, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். அக்காவை உடனே தன் அறைக்கு வரச் சொன்னார் பேராசிரியர்.

"என்னத்துக்காம்?" என்று என்னிடமே கேட்டார் அக்கா.

"தெரியலக்கா," என்றேன்.