போட்டு வாறன்

இந்த நோர்வே ஊரில் நோயாளிகள் என் வைத்திய அறையிலிருந்து எழுந்து போகும்போது "வி சேஸ்" என்கிறார்கள். மறுபடி சந்திப்போம் என்று அர்த்தம். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். தாதி பெரித் ஒருநாள் பொறுக்காமல் கேட்டாள்: "நோயாளிகளோடு உங்களுக்கு என்ன கோபம்?" எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியிலும் செத்தவீட்டிலும் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லக்கூடாது, சொன்னால் நோயும் சாவும் திரும்பி வரும் என்றேன். "அப்படியென்றால் சொல்லாமலே போவீர்களா? எவ்வளவு மரியாதைக்குறைவு!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சுன்னாகத்துப் பக்கம் ஓர் அகதி முகாமில் வைத்தியராக இருந்தேன். போரால் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த மீன்பிடிக் குடும்பங்கள் அங்கே ஒரே கிணற்றை நம்பி இருந்தன. வாந்திபேதி தொடங்கியதும் கிணற்றுக்குப் போடக் குளோரின் கேட்டோம். பாதை மூடியிருந்ததால் வரவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னோம், விறகுக்கு எங்கே போவார்கள்? அந்தோனி என்பவரின் மகன் சேலைன் ஏற்றிப் பிழைத்துக்கொண்டான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்ட அந்தோனி, முகாம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பழக்கதோஷத்தில், "போட்டு வாறன் ஐயா" என்றார். மனைவி றீற்றா பதறிப்போனாள்.

"ஆசுப்பத்திரியிலை நிண்டு உப்பிடியே கதைக்கிறது? உங்களுக்கென்ன விசரே?"

அந்தக் கிழமையே அவர்கள் திரும்பி வந்தார்கள், மகள் யூலியோடு. கண்கள் உள்ளே போய், கூப்பிட்டால் திரும்பாத நிலை. இருந்த சேலைனையெல்லாம் ஏற்றினோம். விடியுமுன் பிள்ளை போய்விட்டது.

றீற்றா புருஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உங்கடை வாய்தான் என்ரை பிள்ளையைக் கொண்டுபோனது!" அந்தோனி அசையவில்லை. எனக்குத் தாங்கவில்லை. அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

"அந்தோனி, உம்மடை சொல்லாலை ஒண்டும் வரேல்லை. அந்தக் கிணத்துத் தண்ணியாலை வந்தது. நான் றீற்றாவுக்கு விளங்கப்படுத்திறன்."

"வேண்டாம் ஐயா. தண்ணியாலை எண்டு எனக்கும் தெரியும்" என்றார். "ஆனா அவள் பெடியனுக்கு இண்டைக்கும் அந்தத் தண்ணிதானே குடுக்கவேணும்? என்ரை வாயாலை எண்டே இருக்கட்டும். அப்ப என்னோடை முடிஞ்சுது எண்டு நினைச்சுக் கொஞ்சம் நித்திரை கொள்ளுவாள்."

நான் றீற்றாவிடம் எதையும் சொல்லவில்லை.

குளோரின் வருமுன் எனக்கு நோர்வே விசா வந்தது. பெற்ற மகளின் சாவைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்த மனிதனை அங்கே விட்டுவிட்டு நான் வந்தேன். இங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறார்கள். நானும் குடிக்கிறேன். வயிறு இந்த நாட்டுக்காரன் ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு மிடறு இறங்கும்போதும், அந்தப் பெடியன் இன்றைக்கு என்ன தண்ணீர் குடித்தானோ என்று நெஞ்சு கேட்கிறது.