தியேட்டர் நர்ஸ் கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயர்

இம்மானுவேலுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மேசையில் படுக்க வைத்ததும் பயத்தில் வாய் ஓயாமல் பேச ஆரம்பித்துவிட்டார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வரச் சற்றுத் தாமதம். பக்கத்தில் நின்ற நர்ஸ் முத்துமீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன வேலை பாக்குறீங்க தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டது.

விளாங்குடியில் வீடு, கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசிப்பு, சித்தப்பா மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஆம்ப்ளிஃபயர் என்று மனிதர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"இப்ப வர்ற பெட்டியெல்லாம் வேற, சிஸ்டர். இதுக்குள்ள கண்ணாடிக் குழாய் இருக்கும். வால்வுன்னு பேரு. உள்ள செவப்பா எரியும். கம்பிய மெதுவாத் தொட்டா மெதுவாப் பேசும், ஓங்கி அடிச்சா கரகரன்னு கத்தும். ஒரு ஆளு மாதிரி. அது செத்துப்போச்சு. மதுரையில ஒருத்தரும் தொட மாட்டேங்கிறாங்க."

"வால்வுன்னா? நெஞ்சுக்குள்ள இருக்குமே, ரத்தத்த ஒரு பக்கமா மட்டும் விடுறது, அது மாதிரியா?"

இம்மானுவேல் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் வந்துவிட்டார், மருந்தும் ஏறிவிட்டது.

அந்தக் கேள்வியை முத்துமீனா வீட்டுக்கு எடுத்துவந்தார். திருநகரில் அவருக்கு எதிர்வீடு எங்களுடையது. மறுநாள் காலை பால் வாங்கும்போது, "அண்ணே, நான் கேட்டது சரிதாண்ணே. மின்சாரத்த ஒரு பக்கமா மட்டும் விடுறதாலதான் அதுக்கு வால்வுன்னு பேராம். போன்ல படிச்சேன்" என்றார். பரீட்சையில் தேறிய முகம். எனக்கு அன்று ஒன்றும் புரியவில்லை.

அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. அழகர்கோவில் பக்கத்து ஊர். தாய் தகப்பன் இருவரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். நர்சிங் படித்து, ஆபரேஷன் தியேட்டரிலேயே இருபத்திரண்டு வருடம் நின்றவர். கணவர் சிவபாண்டி டைல்ஸ் கடையில் மேனேஜர். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். கிட்டாரில் எத்தனை கம்பி என்று கேட்டால் முத்துமீனாவுக்குச் சொல்லத் தெரியாது. ஸ்க்ரூடிரைவரைக்கூட அதுவரை டப்பா மூடி நெம்பத்தான் எடுத்திருப்பார்.

தையல் பிரிக்க வந்த இம்மானுவேலிடம், "உங்க பெட்டிய எனக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். அவர் மறுவாரமே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். பின்பக்கப் பலகையைக் கழற்றி முத்துமீனா வெகுநேரம் பார்த்தார். எதையும் தொடவில்லை.

"தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது. கத்துக்கிட்டுத்தான் இதுல கை வைப்பேன். எம்புட்டு நாளாகும்னு சொல்ல முடியாது. அவசரம்னா எடுத்துட்டுப் போயிருங்க."

"சும்மாதானே கெடக்கு, அக்கா. இருக்கட்டும்."

சிவபாண்டி அன்று சாப்பாட்டின்போது கேட்டாராம்: "மீனா, ஒனக்கு எதுக்கு இது?" "தெரியலங்க. அந்தக் கண்ணாடிக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும் போல இருக்கு" என்றாராம் இவர்.

மகளின் அறை பட்டறையானது. இணையத்தில் கிடைத்த புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். ஒரு பக்கத்தைப் படித்து, புரிந்ததைத் தமிழில் நோட்டில் எழுதுவார். புரியாத இடத்தில் கேள்விக்குறி போடுவார். முதல் நோட்டில் எழுத்தைவிடக் கேள்விக்குறிதான் அதிகம். டியூட்டி மாறி மாறி வரும். மதியம் ஓய்வு கிடைத்தால் மதியம், காலை கிடைத்தால் காலை. முதல் மூன்று மாதம் பேட்டரியும் சின்னப் பல்பும்தான். வால்வு பக்கமே போகவில்லை.

காரணம் பயம். அதை அவர் மறைத்ததே இல்லை. வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் முந்நூறு வோல்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் என்ற டப்பாக்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். தொட்டால் ஆளையே கொல்லும். இதைப் படித்த அன்றே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அறைச் சுவரில் ஒட்டினார். பிளக்கைப் பிடுங்கு. தேங்கியதை வடி. மீட்டர் வைத்துப் பார். இடது கை முதுகுக்குப் பின்னால், நெஞ்சு வழியாகக் கரண்ட் பாயக் கூடாது. கடைசி வரி, எண்ணிப் பார்.

"அது என்னம்மா எண்ணிப் பாருங்கிறது?" என்று நான் கேட்டேன்.

"தியேட்டர்ல வயித்த மூடுறதுக்கு முன்னாடி பஞ்சு, கத்தி, கத்திரி எல்லாத்தையும் எண்ணுவோம்ணே. ஒண்ணு கொறஞ்சாலும் மூட விட மாட்டோம். இங்கயும் அதேதான்."

அந்த வழக்கம் ஒருமுறை அவரைக் காப்பாற்றியது. சொந்தமாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கட்டத் தொடங்கியிருந்தார். ஐந்து வாட், மூன்று வால்வு. உதிரிகள் தபாலில் வந்தன. மூடுவதற்கு முன் எண்ணியபோது கம்பிகளைப் பிடிக்கும் கவ்வி ஒன்று குறைந்தது. மேசை, தரை, சேலை மடிப்பு, எங்கும் இல்லை. டார்ச் அடித்துத் தேடினால் அது வால்வு சாக்கெட்டுக்கு அடியில், முந்நூறு வோல்ட் வரும் இடத்துக்கும் பெட்டியின் உலோகத் தகட்டுக்கும் நடுவே கிடந்தது. சுவிட்சைப் போட்டிருந்தால் அறையே அதிர்ந்திருக்கும். அதை எடுத்து வைத்துவிட்டு அன்று பூராவும் வேலையைத் தொடாமல் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார்.

அதற்கு முன்பே டிரான்ஸ்பார்மருக்காகக் கார்த்திகேஷிடம் போயிருந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்காரர், சௌராஷ்டிரக் குடும்பம். இவர் நீட்டிய படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம இதுவரைக்கும் கட்டுனதில்லம்மா. எத்தனை சுத்து, எந்தக் கம்பின்னு நீங்க கணக்குப் போட்டுக் கொடுத்தா கட்டித் தாரேன்" என்றார். முத்துமீனா இரண்டு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். முதல் டிரான்ஸ்பார்மர் தேனீக்கூடு மாதிரி இரைந்தது. தகடுகளை இன்னும் இறுக்கி, வார்னிஷில் முக்கி, கார்த்திகேஷ் இரண்டாவதைக் கட்டிக் கொடுத்தார்.

சுவிட்சைப் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்னையும் கூப்பிட்டிருந்தார். நேராகக் கரண்ட் கொடுக்காமல், நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டியிருந்தார். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். பல்பு ஒருகணம் எரிந்து மங்கியது. வால்வுகள் மெல்லச் சிவந்தன. நாங்கள் கை தட்டப் போன நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து கீச்சென்று ஓர் அலறல். தெரு நாய்கள் குரைத்தன. அணைத்துவிட்டார்.

பதினோரு வாரம் அந்த அலறல் போகவில்லை. வால்வை மாற்றினார், கம்பிகளைத் தள்ளி வைத்தார், பற்றவைத்த இடங்களை எல்லாம் திரும்பப் பற்றவைத்தார். இணையத்தில் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். சிவபாண்டி, "விட்டுருப்பா, ஒடம்பக் கெடுத்துக்காத" என்று சொல்லிப் பார்த்தார். இவர் கேட்டபாடில்லை. ஆனால் ஒருநாள்கூட எரிச்சல்பட்டு நான் பார்த்ததில்லை. நோயாளிக்கு என்ன என்று தெரியாதபோது நர்ஸ் எப்படி இருப்பாரோ, அப்படி இருந்தார்.

கடைசியில் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். கிட்டாரிலிருந்து வரும் சத்தத்தின் அலை முதல் வால்வுக்குள் மேலே போனால், வெளியே வரும்போது கீழே வரும். அடுத்த வால்வு அதை மறுபடி திருப்பும். ஒவ்வோர் இடத்திலும் மேலே, கீழே என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே சர்க்யூட் படத்தின் கடைசிவரை போனார். வெளியே வரும் சத்தத்தில் கொஞ்சத்தைத் திருப்பி ஆரம்பத்துக்கு அனுப்பும் கம்பி ஒன்று உண்டு. அது சத்தத்தைக் கொஞ்சம் அடக்க வேண்டும். இவர் பெட்டியில் அது அடக்கவில்லை, தூண்டிவிட்டுக்கொண்டிருந்தது. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தன. எது முதல் முனை, எது கடைசி முனை என்று கார்த்திகேஷிடம் கேட்டு வாங்க இவருக்குத் தோன்றவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பற்றவைத்தார். சுவிட்சைப் போட்டார். அலறல் இல்லை. பதினோரு வாரம் அதைக் கேட்டுப் பழகிய சிவபாண்டி அடுத்த அறையிலிருந்து, "என்ன மீனா, கரண்ட் போயிருச்சா?" என்றார்.

எட்டிப் பார்த்தால், இவர் வால்வுகளைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாராம். சிவபாண்டிதான் இதை எனக்குச் சொன்னார்.

அதன் பிறகுதான் இம்மானுவேலின் பெட்டியில் கை வைத்தார். அதற்குள் ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. உள்ளே இரண்டு கெப்பாசிட்டர்கள் ஊதி வெடித்திருந்தன. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. முன்பு யாரோ இரைச்சலைக் குறைப்பதாக நினைத்து எர்த் கம்பியை வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த நிலையில் பெட்டிக்குள் ஏதாவது தவறினால் கிட்டார் கம்பியிலேயே கரண்ட் வந்து நிற்கும். இம்மானுவேல் அதை வைத்துத்தான் நான்கு வருடம் வாசித்திருந்தார். கெப்பாசிட்டர்களை மாற்றி, எர்த்தைச் சரிசெய்து, ஆறு நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகே கொடுத்தார்.

ஒத்தக்கடையில் ஒரு கல்யாண வரவேற்பு. பெட்டி திரும்பி வந்த பிறகு முதல் கச்சேரி. இம்மானுவேல் எங்களையும் கூப்பிட்டிருந்தார். முத்துமீனா பட்டுச்சேலை கட்டி வந்தார். கைப்பையில் மீட்டர் இருந்தது. மேடைக்குப் பின்னால் போய் பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தார். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே இருநூற்று முப்பது காட்ட வேண்டிய இடத்தில் முள் நாற்பதில் தடுமாறியது. அந்தப் பாயிண்டுக்கு எர்த்தே இல்லை.

"இதுல மாட்டாதீங்க."

"அக்கா, மாப்ள பொண்ணு வந்துட்டாங்க. இன்னிக்கு ஒருநாள்தானே, பாத்துக்கலாம்."

"கச்சேரி நின்னா நிக்கட்டும். நீங்க நிக்கணும் தம்பி."

குரலை உயர்த்தவில்லை. தியேட்டரில் பெரிய டாக்டர்களையே நிறுத்திவைக்கும் குரல் அது என்று அவருடன் வேலை பார்க்கும் ஒருவர் பிறகு சொல்லிக் கேட்டேன். இம்மானுவேல் பிளக்கைக் கீழே வைத்துவிட்டார். சமையல்கட்டில் மாவு அரைக்கும் கிரைண்டருக்கு ஒரு பாயிண்ட் இருந்தது. முத்துமீனா அதைச் சோதித்தார். எர்த் சரியாக இருந்தது. சமையல்காரரிடம் கெஞ்சி, அங்கிருந்து மேடைவரை ஒயர் இழுத்தார்கள். கச்சேரி இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள்.

முதல் பாட்டு. இம்மானுவேல் கம்பிகளை மெதுவாக வருடினார். மெதுவாகப் பேசியது. நடுவில் ஓரிடத்தில் ஓங்கி ஒரே அடி. குழந்தைகள் ஓடுவதை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார்கள். எனக்கு இசை தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஓர் உடம்பு இருந்தது என்று மட்டும் சொல்வேன். முத்துமீனா மேடைக்குப் பின்னால் குந்தியிருந்தார். டிரான்ஸ்பார்மர் மூடியின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டு முடிந்த பிறகே எழுந்து சாப்பிட வந்தார்.

இப்போது அவருக்கு ஐம்பது நெருங்குகிறது. இம்மானுவேல் சொல்லி மூன்று பேர் பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். இரண்டைச் சரிசெய்தார். ஒன்றை, "இது எனக்கு இன்னும் புரியல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான்காவது நோட்டு ஓடுகிறது. சத்தத்தை அலை மாதிரி ஏற்றி இறக்கும் ஒரு பகுதியைத் தன் ஆம்ப்ளிஃபயரில் சேர்க்கப் பார்க்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அது வேலை செய்யவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"தெரியலண்ணே" என்றார், முகமெல்லாம் சந்தோஷமாக.